பூட்டிய மைதானத்துக்கு ஏழு கூட்டம்

“பேர் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியாதா சார்?”

“எனக்குத் தெரியுமாங்கிறது வேற. படிவத்துல கேட்டிருக்கு.”

“காலையில உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தவ. அப்படியே போட்டுக்கோங்க.”

நாற்காலிகளில் இருந்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. ‘பகுதிவாசி, பெண், ஒருவர்’ என்று எழுதிவிட்டு, எதிரே நின்ற தன் மனைவியை, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பவர்போல் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க கருத்து?”

“கேட்டைத் திறங்க சார்.”

எழுதிக்கொண்டார்.

காது உள்ளவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். காதையே உத்தியோகமாகக் கொண்டு, கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கி, கேட்டதை வைத்து வேறெந்தக் காரியமும் செய்துவிடாத தூய்மையோடு நடந்த அலுவலகம் மனித வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். ‘வெளிப்புற விளையாட்டு வசதிகள் மேம்பாட்டுக் கருத்துக் கேட்புப் பிரிவு’ என்பது அதன் பெயர். பலகை போதாமல் ‘பிரிவு’ மட்டும் சுவரில் எழுதப்பட்டிருந்தது. அதில் ஓர் அதிகாரி, ஒரு குமாஸ்தா, ஒரு மின்விசிறி. மின்விசிறிதான் அவ்வப்போது நின்றுபோகும். மற்ற இருவரும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அலுவலகங்களைப் பழிப்பவர்கள் உண்டு. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சங்கு எத்தனை மணிக்கு ஊதப்பட்டது, ஊதியவர் ஆணா பெண்ணா என்பதுவரை குமாஸ்தா பதிவுசெய்துவிடுவார். அதிகாரி யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அவர் தூங்குகிறார் என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் கருத்துச் சொன்னார். அதற்கும் அதிகாரி தலையாட்டினார். குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார்.

மைதானம் அலுவலகத்தின் பின்தெருவில் இருந்தது. வலை கட்ட இரண்டு கம்பங்கள், குறுக்குக் கம்பி வளைந்த ஒரு கோல்போஸ்ட், ஒரு குழாய், சுற்றுச்சுவர், இரும்புக் கேட். காலை ஆறு மணிக்குத் தையல் கூடத்துப் பெண்கள் எட்டுப் பேர் வந்து வாலிபால் ஆடுவார்கள். ஏழு மணிக்குக் குழாயில் முகம் கழுவிவிட்டு மிஷினுக்கு ஓடுவார்கள். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கிற கழுத்துகளுக்கு, அண்ணாந்து வானத்தைப் பார்க்க வாய்த்த ஒரே ஒரு மணி நேரம் அது. அந்த அணிக்குக் கேப்டன் குமாஸ்தாவின் மனைவி. கூடத்தில் அவளை ‘கேப்டன்’ என்றே கூப்பிடுவார்கள். சில நாள் வீட்டில் குமாஸ்தாவுக்கும் அப்படித்தான் வாயில் வரும்.

இப்படி ஒழுங்கில்லாமல் எட்டுப் பேர் விளையாடிக்கொண்டிருந்த நிலையில்தான் மைதானத்தை மேம்படுத்துவது என்று முடிவானது.

“மக்களைக் கேக்காம ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது,” என்றார் அதிகாரி. “கேட்டு முடிக்கிற வரைக்கும் மைதானம் இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும்.”

“இப்ப அதுல எட்டுப் பேர் விளையாடிக்கிட்டு இருக்காங்க சார்,” என்றார் குமாஸ்தா.

“அதுதான் பிரச்சினையே. விளையாட விளையாட நிலைமை மாறிக்கிட்டே இருக்கும். அப்புறம் நாம எந்த நிலைமையைப் பத்திக் கேக்கிறது?”

அன்று மாலையே கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி குமாஸ்தாவிடம் வந்தது. ‘சாவிக் காப்பாளர் (கூடுதல் பொறுப்பு)’ என்று தனி உத்தரவு. அவர் சாவியில் ஓர் அட்டையைக் கட்டி, தன் அழகான கையெழுத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது எட்டு மாதத்துக்கு முந்தைய கதை.

முதல் கூட்டத்தில் ‘விளையாட்டு என்றால் என்ன?’ என்று மக்களிடம் கேட்கப்பட்டது. இரண்டாவது கூட்டம் சுற்றுச்சுவருக்குப் பச்சையா இளம்பச்சையா என்பதில் மும்முரமாக நடந்து, தேநீருக்குப் பிறகும் தொடர்ந்தது. மூன்றாவதில், தேநீருக்காகவே தவறாமல் வருகிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்து, உட்கார இரண்டு பெஞ்சு போட வேண்டும் என்றார்.

“உக்காந்து என்ன பண்ணுவீங்க?” என்று அதிகாரி பரிவோடு கேட்டார்.

“விளையாடுறவங்களைப் பாப்பேன்.”

“யாரு விளையாடுவாங்க?”

“அதைப் பூட்டுனவங்கதான் சொல்லணும்.”

அதிகாரி நெகிழ்ந்துபோனார். இவ்வளவு ஆழமான கருத்து இதற்கு முன் வந்ததில்லை என்றார். அதற்குள் மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டதால், புல்லைப் பிடுங்கலாமா என்று கேட்க நான்காவது கூட்டம் கூட்ட வேண்டியதாயிற்று. பிடுங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எதைக் கொண்டு பிடுங்குவது என்பது ஐந்தாவது கூட்டம்.

எல்லாக் கூட்டத்திலும் கேப்டன் எழுந்து ஒன்றையே சொன்னாள். கேட்டைத் திறங்க. இங்கேதான் குமாஸ்தாவின் மேதைமை வெளிப்பட்டது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது கோப்புக்கே அவமரியாதை என்று கருதியவர் அவர். முதல் கூட்டத்தில் ‘நுழைவு வசதி குறித்து ஆர்வம் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதினார். அடுத்ததில் ‘கதவின் செயல்பாடு பற்றி மக்களிடையே பாராட்டத்தக்க விழிப்புணர்வு காணப்பட்டது.’ ஐந்தாவதுக்கு வரும்போது ‘வழக்கமான கருத்து வழக்கம்போல் வரவேற்கப்பட்டது.’ எழுதும்போது சட்டைப்பைக்குள் சாவி நெஞ்சில் இடித்துக்கொண்டிருக்கும். பேனாவை அந்தப் பக்கம் படாமல் மாட்டிக்கொள்வார்.

இந்த ஆறாவது கூட்டத்தில் மட்டும் அவள் கேட்டைத் திறங்க என்பதோடு உட்காரவில்லை.

“எட்டு மாசமா சந்துல துணிக்கொடியைக் கட்டி ஆடுறோம் சார். பந்து மாடிக்குப் போனா பந்தோட சேர்ந்து திட்டும் வருது. ரெண்டு பேர் நின்னுட்டாங்க. மிச்சம் ஆறு பேர். ஒருத்தி நின்னாலும் அணி கிடையாது. இந்த வருஷம் சொந்த மைதானத்துல ஒரு மேட்சாவது ஆடலைன்னா வாலிபால் சங்கத்துல எங்க பேரை அடிச்சிருவாங்க. கடைசி மேட்ச் வர்ற ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து அணி வருது. ரெண்டு மணி நேரம் திறந்துவிடுங்க, போதும்.”

அதிகாரி கண்ணைத் திறந்தார். எட்டு மாதத்தில் முதல்முறை.

“ரொம்ப முக்கியமான கருத்தும்மா. இதை ஏழாவது கூட்டத்துல தனியாவே எடுத்துக்கலாம்.”

“அது என்னைக்கு சார்?”

“சனிக்கிழமை.”

“மேட்ச் ஞாயித்துக்கிழமை.”

“பாத்தீங்களா, முழுசா ஒரு நாள் இருக்கு.”

சனிக்கிழமை வந்தது. ஏழாவது கூட்டத்தில் கருத்து கேட்கப்படவில்லை. கேட்ட கருத்துகளின் சாரம் அறிவிக்கப்பட்டது. அதிகாரி எழுந்து நின்று வாசித்தார். முந்தின நாள் தட்டச்சு செய்தவர் குமாஸ்தா.

“‘மைதானத்தை வாரத்துக்கு எத்தனை நாள் பயன்படுத்துகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, நூற்றுக்கு நூறு பேர் ‘ஒரு நாளும் இல்லை’ என்று பதில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இப்பகுதி மக்களுக்கு மைதானம் தேவைப்படவில்லை என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது.”

“பூட்டுன இடத்துல எப்படிய்யா விளையாடுறது, சுவரேறிக் குதிச்சா?” என்றார் டிரைவர்.

“வரவேற்கிறோம்,” என்றார் அதிகாரி. “அதே சமயம் ஏழு கூட்டத்துக்கும் இந்த அறை நிரம்பி வழிந்தது. எனவே, மக்கள் மனமார விரும்பும் ஒரே விளையாட்டு கருத்துச் சொல்வதுதான். அந்த மைதானத்தில், இருநூறு பேர் உட்காரும் நிரந்தரக் கருத்துக் கேட்பு மண்டபம் கட்டப்படும். திங்கட்கிழமை காலை அஸ்திவாரம் தோண்டும் பணி தொடங்கும்.”

குமாஸ்தா, பழக்க தோஷத்தில், மனைவியின் கருத்தை எழுதப் பேனாவோடு நிமிர்ந்தார். அவள் எழுந்தாள். நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெளியே போனாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வலையை மடியில் போட்டு, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“மண்டபத்துக்கு விளையாட்டுப் பேருதான் வைக்கப்போறாங்க,” என்றார், சமாதானமாக.

அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“நான் என்ன பண்ண முடியும் சொல்லு. நான் வெறும் எழுதுறவன்.”

“தெரியும்.”

“உனக்கு வேணும்னா...” என்று ஆணியைப் பார்த்தார். “நான் குளிக்கப் போறேன். வர அரை மணி நேரம் ஆகும். சட்டை இங்கேதான் இருக்கும். நான் எதையும் பாக்கலை.”

“எட்டு மாசமா அந்தச் சட்டையைத் துவைக்கிறதே நான்தான். ஒவ்வொரு தடவையும் சாவியை எடுத்து வெளியே வெச்சிட்டுத்தான் துவைக்கிறேன். எடுக்கத் தெரியாமலா இருக்கேன்?”

அவர் ஆணியருகே போனார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே பேனாதான் முதலில் அகப்பட்டது.

“அதை வைங்க,” என்றாள் அவள். வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, ஊசி குத்திக் காய்த்துப்போன கையை அவர்முன் நீட்டினாள். “ஆறு கூட்டத்துல நான் சொன்னதை ஆறு விதமா எழுதிட்டீங்க. இன்னைக்கு எழுத வேண்டாம். நீங்களா அந்தச் சாவியை எடுத்து என் கையில குடுங்க.”