காரமடை டிரிப்பும் கிணத்துக்கடவு டிரிப்பும்

காரமடை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் கையேட்டில், நோயாளிக்கு ஏற்றும் ‘டிரிப்’ என்ற சொல்லைத் தொட்டால் நேரே கிணத்துக்கடவுத் தென்னந்தோப்பின் சொட்டுநீர்க் கையேட்டுக்குப் போனது. அங்கே இப்படி இருந்தது: "டிரிப் அடைத்துக்கொண்டால் ஆசிட் விட்டுக் கழுவவும்."

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த மௌனிகா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் ராமாத்தாள் மத்தியானம் வருகிறார். கையேடு திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வருசத்துக்கும் ஒப்பந்தம்.

சரவணம்பட்டியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஒரு சாஃப்ட்வேரும், தோப்புகளுக்குச் சொட்டுநீர் விட இன்னொரு சாஃப்ட்வேரும் செய்து கொடுத்திருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் நடுநடுவே எழுதிவைக்கும் குறிப்புகளை ஒரு டூல் தானாகவே திரட்டிக் கையேடாக்கிவிடும். அதையேதான் முதலாளி அன்புமணி வாடிக்கையாளர்களுக்கும் கொடுப்பார். போன வாரம் அவருக்கு ஒரு யோசனை. ஒரு கையேட்டில் வரும் பெயருக்கு இன்னொன்றில் விளக்கம் இருந்தால், தொட்டதும் அங்கே போகிற மாதிரி இரண்டையும் கோத்துவிட வேண்டும்.

"பெரிய கம்பெனிலயெல்லாம் இப்புடித்தான் அம்மணி," என்றார். மௌனிகாவும் கோத்துவிட்டாள்.

இப்போது முதல் வேலையாக ‘டிரிப்’பை மட்டும் விலக்கினாள். டூல் விட்டதா? ‘பெட்’டைப் பிடித்துக்கொண்டது. ஐ.சி.யூ. பெட்டைத் தொட்டால் நாற்றங்கால் விவரம் வந்தது: "பெட்டில் நெருக்கி வைத்தால் அழுகிப்போகும். காலையில் பூவாளியால் நனைக்கவும்."

பெயரைப் பார்த்தால்தானே வம்பு, செய்கிற வேலையைப் பார்த்துக் கோக்கட்டும் என்று டூலை மாற்றியமைத்தாள். அது இன்னும் மோசமாயிற்று. ‘நோயாளி அனுமதி’ என்ற பக்கத்தைத் தொட்டால், "குழி தோண்டி இறக்கி, கழுத்துவரை மண் போட்டு மிதிக்கவும்" என்றது.

சரி, ஆஸ்பத்திரியிலிருந்து தோப்புக்குப் போனால்தானே ஆபத்து என்று இணைப்பின் திசையையே திருப்பிப்போட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாக இருந்தது. அப்புறம் கிணத்துக்கடவிலிருந்து அங்கப்பன் போன் செய்தார். தோப்புக்காரர், கம்பெனியின் முதல் வாடிக்கையாளர்.

"ஏனுங்க, தண்ணிய நிறுத்தோணும்னா நெருங்குன சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு காட்டுதுங்க. தென்ன மரத்துக்கு நான் யாரைங்க கூட்டிட்டு வாரது?"

அவரைச் சமாதானப்படுத்தி வைத்துவிட்டு, எல்லா இணைப்பையும் மொத்தமாக அழித்தாள். டூல் அதைப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சேர்த்துக் கோத்துவைத்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்துவிட்டார். உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆசிட்டையும் படித்தார். குழியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது யாரு செஞ்சது?"

அன்புமணியின் விரல் யோசிக்காமல் மௌனிகா பக்கம் நீண்டது. புதுப் புள்ளைங்க, அனுபவம் பத்தலைங்க, லிங்க்கைத் தப்பாகப் போட்டுவிட்டது, இன்றைக்கே வேறு ஆளை வைத்துவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மௌனிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"அழுவாத கண்ணு. லிங்க்தான தப்பு? சாஃப்ட்வேர் நல்லாத்தான இருக்குது?"

"சாஃப்ட்வேர் தங்கமுங்க," என்றார் அன்புமணி. "ஒவ்வொரு எழுத்தும் உங்க ஆஸ்பத்திரிக்குன்னே உக்காந்து எழுதுனதுங்க."

டாக்டர் ஒப்பந்தத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வேலை பார்க்கும் தாஜுன்னிசா அடுத்த மேசையில் இருந்தாள். சின்னப் பெண் மேல் பழி விழுந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள்.

"லிங்க்குல ஒரு தப்பும் இல்லீங்க டாக்டர். நீங்க அவசரப்படுத்துனப்ப, அந்தத் தோப்புச் சாஃப்ட்வேர்லயே மரம்னு இருந்த எடமெல்லாம் பேஷண்ட்டுனு மாத்தித்தானுங்க உங்களுக்குக் குடுத்தோம்."