நகர்மன்றத்தில் ஓர் உண்ணி

கைப்பைக்குள் மருந்துப் பாட்டில் தனியாகவும் அதன் மூடி தனியாகவும் கிடந்தன. உள்ளே இருக்க வேண்டிய உண்ணியைக் காணோம்.

நகர்மன்றக் கூட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த, வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் பெண் பையை மறுபடி துழாவினாள். ஊரில் அவளுக்கு உண்ணியக்கா என்றே பெயர். புல்லுக்குள் மீட்டரைத் தேடப் போய் உண்ணி கடித்து, காய்ச்சலும் மூட்டுவலியுமாக ஒரு வருஷம் படுத்துக் கிடந்தவள். பார்த்த டாக்டரெல்லாம் எல்லாம் மனசுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். எழுந்து நடந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். உண்ணிக்காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை இந்த ஊர் சுகாதார நிலையத்திலேயே வர வேண்டும். இன்றைக்கு அது ஓட்டுக்கு வருகிறது. தோற்றுப்போனால் இன்னும் யார் யார் படுக்கப்போகிறார்களோ.

வேறு யாராக இருந்தாலும் போதுமடா சாமி என்று விட்டிருப்பார்கள். இவள் விடுகிற ஆளா? உறுப்பினர்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தாலும் கூட்டம் தவறாமல் வந்து தொண்டைத்தண்ணி வற்றப் பேசினாள். போன முறை செத்த உண்ணி ஒன்றைக் காட்டியதற்கு, எள்ளுதானே என்று கேட்டார் தலைவர். அதனால்தான் இன்றைக்கு உயிரோடு ஒன்றைப் பிடித்து வந்தாள், பக்கத்து வீட்டு நாயின் காதிலிருந்து.

சத்தம் காட்டாமல் நாற்காலிக்கடியில் குனிந்தாள். முன்வரிசை உறுப்பினர் என்ன தேடுகிறீர்கள் என்றார். கம்மல் என்று வாயில் வந்துவிட்டது. அதுதான் வினை. அவர் தங்கமான மனுஷர், தானும் குனிந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் தலைவரைத் தவிர நகர்மன்றமே தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது, உண்ணி ஏறுவதற்கு வசதியாக.

"ஏம்மா, உங்க ரெண்டு காதுலயும் கம்மல் இருக்கே," என்றார் தலைவர்.

இனி மறைத்தால் பாவம். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"தேடுறது உண்ணிங்க. உயிரோட இருக்கு. பாட்டில்லேர்ந்து தப்பிச்சிடுச்சு, என் தப்புதான்."

அடுத்த நொடி எல்லாரும் நாற்காலி மேல் நின்றார்கள். தலைவர் மேஜைக்கே ஏறிவிட்டார். சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, பயப்படாதீர்கள், கடித்தால் வலிக்காது, கடித்ததே தெரியாது என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது.

பிறகு நடந்ததுதான் அதிசயம். கேள்வி கேட்டார்கள். எண்ணெய் தடவினால் விழுந்துவிடுமா என்றார் ஒருவர். கூடாது, கூர்நுனி இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்றாள். காய்ச்சல் வந்துவிட்டால்? சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். கண்டுபிடிக்க எங்கே போவது என்று தலைவர் மேஜை மேலிருந்து கேட்டார்.

"அதத்தாங்க இத்தன நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள்.

என்ன பேச்சு பேசினாள் அன்றைக்கு! குரல் பிசிறவே இல்லை. நோயில் படுத்தவர்களுக்காகக் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினாள். கேட்டிருந்தால் நீங்களும் எழுந்து கைதட்டியிருப்பீர்கள்.

ஓட்டெடுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரு கையால் சொறிந்துகொண்டே மறு கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு அவசரமாகக் கலைந்தார்கள்.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு ஒட்டவே இல்லை. யாரையாவது அது கடித்துவிட்டால்? காலி அரங்கில் மண்டி போட்டு, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு நாற்காலியாகத் தேடினாள். வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலாளி உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"தேடாதீங்கம்மா, அது என் மாத்திரை டப்பாவுல பத்திரமா இருக்கு, நீங்க பேசுறத இத்தன நாளும் கதவோரம் நின்னு நான் ஒருத்தன்தான் கேட்டேன், இன்னிக்காவது பயத்துல அவங்களும் கேக்கட்டுமேன்னு பையச் சோதிக்கிறப்பவே எடுத்து வச்சேன்."