எஸ்டிமேட் சார் போட்ட தரை

இனி ஹோஸ் பைப்பைத் தொடுவதில்லை என்று எஸ்டிமேட் சார் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறே முக்கால் மணிக்கு. முடிவெடுக்கும்போது அவர் கையில் ஹோஸ் பைப் இருந்தது. அதனால் உடனே அமல்படுத்த முடியவில்லை. ரோஜாவுக்கு ஊற்றி, தக்காளிக்கு ஊற்றி, மிளகாய்ச் செடிகளுக்கும் ஊற்றிவிட்டு, பைப்பை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டிய பிறகுதான் அந்த முடிவு உறுதியானது.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. நாற்காலி வாங்க வேண்டுமா, ஜன்னல் கண்ணாடி மாற்ற வேண்டுமா, துடைப்பம் தேய்ந்துவிட்டதா, எதற்கும் எஸ்டிமேட் போடுவது அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக அதையே போட்டுப் போட்டு அதுவே பெயராகிவிட்டது. அந்த அலுவலகத்தில் எவ்வளவு கேட்டாலும் மேலதிகாரி மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வெட்டாமல் போட்டால் படிக்காமல் போட்டதாக ஆகிவிடுமாம். ஆகவே நான்கு நாற்காலி தேவையென்றால் எஸ்டிமேட் சார் ஆறு என்று எழுதுவார். அதிகாரி இரண்டை வெட்டுவார். நான்கு வந்து சேரும். இரண்டு பேருக்கும் கடமையைச் செய்த திருப்தி.

வீட்டிலும் இதே நிர்வாகம்தான். மேலதிகாரிதான் வேறு. முன்னறையில் மெஷின் போட்டுத் தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைக்கிற அவர் மனைவியின் கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். எதையும் அளக்காமல் விடமாட்டார். அண்ணன் வீட்டில் மூன்று நாள் தங்கிவர அனுமதி கேட்டால் இரண்டு நாள் கிடைக்கும்.

சரி, ஹோஸ் பைப் மீது என்ன கோபம்? தெருக்கோடியில் ஒரு படிப்பகம். அங்கே யாரும் படிப்பதில்லை, கேரம் ஆடுகிறார்கள். ஆட்டம் சரியாக ஆறு மணிக்கு. எஸ்டிமேட் சார் செடிகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு போய்ச் சேர ஏழாகிவிடும். நான்கு நாற்காலியிலும் ஆள் இருக்கும். பதினோரு வருஷமாக அவர் ஐந்தாவது ஆள். பின்னால் நின்று யோசனை சொல்லலாம். அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு நாளாவது நாலு பேரில் ஒருவராக உட்கார்ந்து ஆட வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு பெரிய ஆசை கிடையாது.

செடி இருந்தால்தானே தண்ணீர்? மண் இருந்தால்தானே செடி? பின்கட்டு மொத்தமே பத்தடிக்கு எட்டடி. கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"ஏம்மா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன்."

"நிறுத்தாமலே காது கேக்கும். சொல்லுங்க."

"பின்பக்கம் எப்பப் பாரு சேறும் சகதியுமா கிடக்கு. நீ துணி காயப்போடப் போறப்ப வழுக்கி விழுந்துட்டா என்ன ஆகும்?"

"பதினோரு வருஷமா விழலையே."

"அப்படி இருக்கறவங்கதான் பொசுக்குன்னு விழுவாங்க. பேசாம கான்கிரீட் போட்டுடலாம்னு பாக்கறேன்."

"செடியெல்லாம்?"

"உன் காலா, செடியான்னு வந்தா எனக்கு உன் காலுதாம்மா முக்கியம்." இந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது ஒத்திகையிலேயே முடிவானது. தழுதழுத்தது.

மெஷின் நின்றது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக்கு அளவெடுக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சரி. என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க. செடிங்களை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று எஸ்டிமேட் சார் கேட்கவில்லை. கேட்டு, அதனால் மனம் மாறித் தொலைத்தால்? விழுந்தடித்துக்கொண்டு போய்க் காகிதம் எடுத்தார். அந்தத் தரைக்கு நான்கு மூட்டை சிமெண்ட் தாராளம். கை பழக்கத்தில் ஆறு என்று எழுதியது. மணலும் ஜல்லியும் அதே விகிதத்தில் ஏறின. கான்கிரீட் கலக்க மிக்ஸர் மெஷின் ஒன்று, ஒரு நாளைக்கு. கொத்தனாரே வேண்டாம், எல்லாம் நானே என்று அடிக்குறிப்பும் போட்டார்.

மனைவி இரண்டு முறை படித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எஸ்டிமேட் சார் வெட்டுக்காகக் காத்திருந்தார். பென்சில் நேரே கீழே போய்க் கையெழுத்துப் போட்டது.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? நீங்க கணக்குப் பாத்து எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பயப்பட வேண்டிய இடத்தில் மனிதர் நெகிழ்ந்துபோனார். ரெண்டு மூட்டை கூடுதல்தான் என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இதுவரை போட்ட எஸ்டிமேட்டெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும். வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது மிக்ஸர் வேட்டை. ஹார்டுவேர் கடைக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"எத்தனை மாடி சார்?"

"மாடி இல்லைங்க. தரை. பத்துக்கு எட்டு."

"மீட்டரா?"

"அடி."

கடைக்காரர் பேனாவை மூடினார். "சார், நம்மகிட்ட இருக்கற மிக்ஸர் உங்க பின்கட்டைவிடப் பெரிசு. உள்ள கொண்டுவரணும்னா முதல்ல வீட்டை இடிக்கணும். மம்மட்டி தரட்டுமா?"

மம்மட்டியா? ஒரு எஸ்டிமேட் அதிகாரி குனிந்து மண் கிளறுவதா? அடுத்த இடத்தில் மிக்ஸரோடு எட்டு ஆளும் சேர்ந்துதான் வருவார்கள் என்றார்கள். எட்டு பேர் நின்றால் அந்தத் தரையில் ஊற்ற இடம் இருக்காது. நான்கு நாள் அலைந்து, செருப்பு தேய்ந்து, முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்.

"மிக்ஸர் ஞாயித்துக்கிழமை காலைல வந்துடும்."

"எப்படி?"

"கான்ட்ராக்டர் வீட்டம்மா நம்மகிட்டதானே துணி தைக்கறாங்க? சின்ன மிக்ஸர் சும்மாதான் கிடக்காம். ஜன்னல் திரைக்கு ஓரம் அடிச்சுத் தர்றேன்னேன். ஆளோட அனுப்பறேன்னாங்க."

"இதை நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எல்லாம் நானேன்னு எழுதியிருந்தீங்களே. நடுவுல எதுக்கு நான் புகுந்துக்கிட்டு?"

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸர் வந்தது. இரண்டு சக்கரம், ஒரு மோட்டார், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒரு டிரம். அரை மூட்டைதான் பிடிக்கும். கூட வந்த மிக்ஸர்காரர் வயரைச் செருகிவிட்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பின்கட்டில் ஒரு செடி இல்லை. பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் அம்மாவிடம் மனைவி வேரோடு கொண்டுபோய் விட்டுவிட்டாராம். எஸ்டிமேட் சார் காலி மண்ணைப் பார்த்து மனசுக்குள் விசில் அடித்தார்.

முதலில் சிமெண்டைக் கொட்டி சுவிட்சைப் போட்டார். டிரம் ஒரு சுற்றுச் சுற்றி, கொட்டியதில் பாதியை அவர் முகத்திலேயே திருப்பிக் கொடுத்தது.

"முதல்ல தண்ணி, அப்புறம் ஜல்லி, மணல். சிமெண்ட் கடைசில" என்றார் மிக்ஸர்காரர்.

"முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

"அம்மாதான் சார் கேக்கற வரைக்கும் எதுவும் சொல்ல வேணாம்னாங்க."

எப்படியோ பழகிவிட்டது. பழகியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டிரம்மைச் சாய்ப்பதும், வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவதும், பலகையால் மட்டம் இழுப்பதும், நடு நடுவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பதுமாக ஒரே அமர்க்களம். பன்னிரண்டு மணிக்குத் தரை முடிந்தது. வாசலில் இரண்டு மூட்டை சிமெண்டும் அதற்கேற்ற மணலும் ஜல்லியும் அப்படியே மிச்சம்.

"கணக்குல ஏதோ..." என்று எஸ்டிமேட் சார் தலையைச் சொறிந்தார்.

"பரவால்லைங்க. மிச்சத் துணி இருந்தா பை தைக்கறதில்லையா?" என்றார் மனைவி. "சிமெண்டை வச்சிருந்தா கல்லாயிடும். மிக்ஸர் வேற சாயங்காலம் வரைக்கும் இருக்கு. ஸ்டூல் பண்ணிடலாம்."

"ஸ்டூலா?"

"கான்கிரீட் ஸ்டூல். தரை போட்டாச்சு, உக்கார வேணாமா? உங்க கேரம் சிநேகிதங்களை இங்கயே வரச்சொல்லிடுங்க. போர்டு நம்ம வீட்டுல இருந்தா உங்களை விட்டுட்டு ஆடுவாங்களா என்ன?"

எஸ்டிமேட் சார் அப்படியே நின்றுவிட்டார். பதினோரு வருஷத்து ஏக்கம், இவள் வாயிலிருந்தா தீர்ப்பு வரவேண்டும்? இந்த மகராசியின் செடிகளைப் போய் ஒழித்தோமே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மனைவி உள்ளே போய்ப் பெயிண்ட் வாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். பெரிய வாளி பதினாறு. அதற்குள் வைக்கச் சின்ன வாளி பதினாறு. அத்தனைக்கும் எண்ணெய் தடவித் தயாராக இருந்தது. அரை நிமிஷத்துக்கு முன்னால் தோன்றிய யோசனைக்கு வாளிகள் எப்படி முன்கூட்டியே எண்ணெய் தேய்த்துக்கொண்டன என்று அவர் யோசிக்கவில்லை. சந்தேகம் வந்தது வேறு இடத்தில்தான்.

"உள்ள எதுக்கு இன்னொரு வாளி?"

"உள்ள காலியா இருந்தாத்தானே கனம் குறையும்? தூக்கறது நீங்கதானே?"

"அடில நடுவுல நூல் கோனை நிறுத்தறியே?"

"நடுவுல ஓட்டை வர்றதுக்கு. கடைல விக்கற பிளாஸ்டிக் ஸ்டூலைப் பாத்ததில்லையா? எல்லாத்துலயும் நடுவுல ஓட்டை இருக்கும்."

பார்த்திருக்கிறார். இருக்கும். இவ்வளவு விவரமாக ஸ்டூல் செய்கிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? மாங்கு மாங்கென்று கலந்து பதினாறையும் நிரப்பினார். மீந்ததில் பின்வாசலுக்கு ஒரு படியும் ஆயிற்று. அந்தப் படியைத்தான் மனைவி ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிக்ஸரை வண்டியில் ஏற்றும்போது மிக்ஸர்காரர் கடைசியாக வாயைத் திறந்தார்.

"பத்து நாளைக்குத் தண்ணி காட்டணும் சார்."

"எதுக்கு?"

"தரைக்கு. ஸ்டூலுக்கும்தான். ஈரம் காயவே கூடாது. காஞ்சா வெடிச்சிடும்."

தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதற்காகப் போட்ட தரைக்குத் தண்ணீரா? மனைவி ஆணியிலிருந்து ஹோஸ் பைப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். "பத்து நாள்தானேங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

ஊற்றினார். ரோஜாவுக்குக்கூட இவ்வளவு அக்கறையாக ஊற்றியதில்லை. மூன்றாம் நாள் வாளிகளைக் கவிழ்த்துத் தட்டியதும் ஒவ்வொரு ஸ்டூலாக வழவழவென்று வந்தது. அவற்றுக்கும் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் எந்த ஸ்டூலில் யார் உட்காருவது என்று மனசுக்குள் இடம் ஒதுக்கினார். தெற்கு பார்த்த ஸ்டூல் அவருக்கு. அங்கே வெளிச்சம் நன்றாக விழும்.

பதினோராம் நாள் சாயங்காலம், நாலாவது ஆள் வந்து சேருவதற்கு முன்பே படிப்பகத்துக்குப் போய் மருந்துக்கடைக்காரர், தபால்காரர், கணக்கு வாத்தியார் மூவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். போர்டைத் தபால்காரர் தலையில் வைத்துச் சுமந்தார். சரியாக ஆறு மணி. எஸ்டிமேட் சார் பின்கதவைத் தள்ளித் திறந்து, "பாருங்க, நம்ம கைவேலை" என்று கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. சுவரோரமாகப் பன்னிரண்டு ஸ்டூல்கள் தலைகீழாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் மண். மண்ணில் ரோஜா, தக்காளி, மிளகாய். பக்கத்து வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டு வந்ததில் எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தன.

"என்னம்மா இது?" என்றார். குரல் இந்த முறை ஒத்திகை இல்லாமலே தழுதழுத்தது. "ஸ்டூல்னு சொன்னியே?"

"ஸ்டூல்தாங்க. ஆடறது நாலு பேரு. நாலு ஸ்டூல் விட்டுவச்சிருக்கேனே, நடுவுல பாருங்க. மீதி பன்னெண்டு சும்மாத்தானே கிடக்கும்?"

உண்மைதான். நடுவில் நான்கு ஸ்டூல்கள் சமர்த்தாக நின்றன. தெற்கு பார்த்த ஸ்டூலும் அதில் ஒன்று. எஸ்டிமேட் சாருக்குப் போன உயிர் திரும்பியது. சிநேகிதர்கள் உட்கார்ந்து காயை அடுக்க, அவரும் வேகமாகப் போய் உட்காரப் போனார்.

"ஏங்க, ஒரு நிமிஷம்" என்று மனைவி ஹோஸ் பைப்பை நீட்டினார். "இன்னிக்குத்தான் நட்டிருக்கேன். தண்ணி ஊத்தலைன்னா வாடிடும்."

"ஆட்டம் முடிஞ்சதும் ஊத்தறேன்."

"அதுக்குள்ள பட்டுப்போயிடும். அப்புறம் இன்னொண்ணு. தரையில இருந்தப்ப ஒரு வேளை ஊத்தினாப் போதும், வேரு கீழ போய் ஈரத்தைத் தேடிக்கும். தொட்டில எங்க போய்த் தேடும்? கீழ கான்கிரீட் சூடு வேற. இனிமே காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"அப்ப நாலாவது ஆளு?" என்றார் கணக்கு வாத்தியார், கணக்கு உதைக்கவும்.

"அவர் ஊத்திட்டு வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கறேன்" என்று மனைவி அளவுநாடாவைக் கழற்றி வைத்துவிட்டுத் தெற்கு பார்த்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எஸ்டிமேட் சார் முதல் ரோஜாவுக்கு ஊற்றும்போது ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டது. மூன்றாவது தொட்டியில் ஒரு "ஆஹா" கேட்டது. தினமும் ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கும் கைக்கும் காயைக் குழியில் தள்ளுவதா பெரிய வேலை? ஏழாவது தொட்டியில் மூன்று பேரும் கை தட்டினார்கள். மிச்ச ஐந்துக்கும் அரையும் குறையுமாக ஊற்றிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மனைவிக்குப் பின்னால் நின்றார்.

"நான் வந்துட்டேன்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சார், நாளையிலேருந்து ஆறு மணிக்கு அண்ணியைப் படிப்பகத்துக்கு அனுப்பி வச்சிடுங்க. நீங்க ரெண்டு வேளையும் அவசரப்படாம ஊத்துங்க."