பின்னாலிருந்து வாசித்தாலும் அதே நம்பர்

றிம்சான் சேருக்கு ஸஹ்றா வீட்டு டெலிபோன் நம்பர் மறந்துபோயிருந்தது. அதன் குணங்கள் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தன.

பெண் பார்த்த அன்று இரு பக்கமும் நம்பர் மாறிக்கொண்டார்கள். கணக்கு வாத்தியாரான சேர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "இவ்வளவு வடிவான நம்பரை எழுதவும் வேணுமா?" என்றார். பின்னாலிருந்து வாசித்தாலும் அதே நம்பர். ஒன்பதால் மீதியின்றிப் பிரியும். போதாதா?

இன்று நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கும் ளுஹர் வாங்குக்கு முன் சம்மதம் கதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஸஹ்றாவின் வாப்பா இறக்காமத்து மாப்பிள்ளைக்குச் சொல் கொடுத்துவிடுவார். அவர்கள் ஊரான பாலமுனைக்கு பஸ் ஏறிப் போகவும் நேரமில்லை. அவளைப் பார்த்த நாளிலிருந்து சேருக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

தொண்ணூற்றேழில் கல்முனைக்குடியில் அவர் தெருவுக்கே போன் என்றால் மக்கீன் காக்காவின் கொம்யூனிகேசன் கடைதான். சேர் கண்ணாடிக் கூண்டுக்குள் புகுந்து கணக்குப் போட்டார். இந்தப் பக்கத்து நம்பரெல்லாம் ஐந்து இலக்கம், இரண்டில் தொடங்கும். அந்தக் குணங்களோடு பதினொரு நம்பர்கள் தேறின. முதலில் 20502.

"ஸஹ்றாட வாப்பாவா?"

"இல்ல தம்பி, நெல்லு மில். எத்தின மூட?"

அடுத்தது 23832. எடுத்தவர் சேரின் பள்ளிக்கூட அதிபரின் மனைவி.

"ஆரு, றிம்சானா? உங்களுக்குக் காய்ச்சலெண்டெல்லோ அவர் சொன்னார்? வரட்டும், சொல்றன்!"

லீவும் போயிற்று. வியர்த்துக்கொட்டிய அந்த நேரத்தில்தான் மூன்றாவது குணம் ஞாபகம் வந்தது. நூற்றுப்பதினொன்றை அதே நூற்றுப்பதினொன்றால் பெருக்கி இரட்டித்தால் வரும் நம்பர்! 24642!

சுழற்றினார். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ்.

"இறக்காமத்தான் கதைக்கிறான்!" என்று பல்லைக் கடித்தார்.

மக்கீன் காக்கா கண்ணாடியில் தட்டினார். "சேர், ஆக்கள் காத்து நிக்கிறாங்க."

"உட்டா வேற ஆரும் புடிச்சிருவான், காக்கா!" என்று சேர் றிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் விடாமல் சுழற்றினார். ஒரு மணி நேரமும் எங்கேஜ்.

வாங்குக்கு நேரம் நெருங்கியது. கண் கலங்கிவிட்டது. "முடிஞ்சி காக்கா. உடாமக் கதைக்கிறாங்க. எனக்குக் கிடைக்கல்ல."

"எந்த நம்பர்?"

"ரெண்டு, நாலு, ஆறு, நாலு, ரெண்டு."

மக்கீன் காக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையிலிருந்த றிசீவரை மெல்லப் பிடுங்கி வைத்தார். வைத்ததுதான் தாமதம், போன் அலறியது.

"எடுங்க சேர், பொண்ணூட்டாராத்தான் இரிக்கும். நீங்க இவ்வளவு நேரமும் சுத்தினது அவங்களுக்கு நீங்க குடுத்த நம்மட கட நம்பர்!"