பத்தொன்பது படி ஏறினால் சூப்பு

"டிக்கெட் எடுத்தாச்சு" என்று மனைவி வந்து சொன்னபோது, பல் டாக்டரின் இரண்டு விரல்கள் ஒரு தபால்காரரின் வாய்க்குள் இருந்தன.

"என்ன டிக்கெட்?"

"ரயில் டிக்கெட். வர்ற வெள்ளிக்கிழமை போறோம், ஞாயித்துக்கிழமை திரும்பறோம். வர்றவங்க போறவங்களை எல்லாம் அனுப்பி வைக்கிறீங்களே, அந்த ஊருக்கு. அந்தச் சூப்பை நானும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்."

டாக்டரின் கை வழுக்கியது. தபால்காரர் "ஆ" என்றார்.

விஷயம் இதுதான். டாக்டர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர், பேச்சுவாக்கில் அந்த ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். அவர் கண் ஊசிப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று டாக்டர் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பச்சை மாடிப்படி இருக்கும். பத்தொன்பது படி. எண்ணிக்கிட்டே ஏறுங்க. மேல ஒரு சூப்புக் கடை. போர்டு கூடக் கிடையாது."

ஆள் மனசுக்குள் பதினான்காவது படியில் இருக்கும்போதே பல் வெளியே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தச் சூப்பு மயக்க ஊசிக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டது. வாய் பிளந்து கிடப்பவர் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார் என்பது இந்தத் தொழிலுக்கே உள்ள தனி வசதி. நாளாக நாளாகக் கடைக்கு மூன்று மேஜைகள் வந்தன. ஜன்னலோர மேஜைக்கு ஒரு கால் ஆட ஆரம்பித்தது. கேட்காமலே இரண்டாவது கிண்ணம் ஊற்றும் முதலாளியும் வந்து சேர்ந்தார். சிலர் போய்விட்டு வந்து, "சூப்பு பிரமாதம் டாக்டர்" என்று சொல்லவும் செய்தார்கள். நாள் முழுக்கத் தேடி ஏமாந்தவன் வெளியே சொல்வானா, பாவம், மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறான் என்று டாக்டர் நினைத்துக்கொள்வார்.

ஆனால் மனைவி கணக்கு டீச்சர். வாய் பிளந்து கிடக்கும் ரகம் இல்லை.

அன்று சாயங்காலமே டாக்டர் முதல் முட்டுக்கட்டையைப் போட்டார்.

"சனிக்கிழமை அந்தக் கடை லீவு."

"அப்ப வெள்ளிக்கிழமை போவோம்."

"வெள்ளிக்கிழமையும் சந்தேகம்தான்."

"ஞாயித்துக்கிழமை?"

"அந்த ஆள் ஒரு மாதிரி. மனசு வெச்சாத்தான் கடையைத் திறப்பாரு."

டீச்சர் கத்தரித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. என்னை ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி கூடக் கூட்டிட்டுப் போனதில்லை. நீங்க பின்னாடியே போய் சூப்பு குடிச்சிருக்கீங்க. யாரோட?"

"தனியாத்தான்."

"தனியாப் போன ஆளுக்குக் கேக்காமலே ரெண்டாவது கிண்ணமா?"

இதற்குமேல் தாங்காது, உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று டாக்டர் முடிவுசெய்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதோ பாரு, உள்ளதைச் சொல்றேன். அப்படி ஒரு கடையே கிடையாது."

"நேத்து வரைக்கும் இருந்த கடை, யாரோட போனீங்கன்னு கேட்டதும் இல்லாமப் போயிடுச்சா?"

உண்மையும் கைவிட்டுவிட்ட மனுஷனுக்கு வைராக்கியம் ஒன்றுதான் மிச்சம். ரயிலேறும்போதே டாக்டர் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். தலைகீழாக நின்றாவது அந்த மூன்று நாளும் இவளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அருங்காட்சியகத்தில் போயிற்று. உடைந்த பானை ஒவ்வொன்றுக்கு முன்னாலும் டாக்டர் கால்மணி நேரம் நின்றார். பழைய மண்டை ஓடு ஒன்றின் பல் வரிசையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள்.

"இப்ப சூப்பு குடிச்சா இதமா இருக்கும்" என்றார் டீச்சர்.

"இந்நேரத்துக்கு அங்க தீர்ந்திருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

சனிக்கிழமை மணிக்கூண்டு ஏறினார்கள். இறங்கும்போது டாக்டர் கடைசிப் படியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். "சுளுக்கிடுச்சு. இனிமே ஒரு படி கூட ஏற முடியாது."

டீச்சர் விடவில்லை. விடுதி மேனேஜரிடம் சொல்லி ஒரு கைத்தடியும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோவும் ஏற்பாடு செய்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயிட்டு, அங்கிருந்து நேரா ஸ்டேஷன். நீங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. பத்தொன்பது படிதானே."

ராத்திரி முழுக்க யோசித்ததில் டாக்டருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இவளுக்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும். ஏதாவது ஒரு மாடிப்படி, ஏதாவது ஒரு டீக்கடை அகப்படாமலா போகும்? கையைக் காலைப் பிடித்தாவது, ஒரு மணி நேரத்துக்குச் சூப்புக் கடையாக இருங்கள் என்று கெஞ்சிப் பார்க்க வேண்டும். படிக்குப் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து டாக்டர் நழுவினார். தெருமுனை வரை கைத்தடியோடு நடந்தார். அதற்குப் பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் மூச்சு வாங்க நின்றபோது பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஈரத்தலையோடு டீச்சர்.

"சுளுக்கு விட்டுடுச்சா?"

"காலைக் காத்துக்குக் கொஞ்சம் தேவலை."

"சரி, வழியைக் காட்டுங்க."

கழுத்தில் கத்தி விழப்போகிறவன் நடையில் டாக்டர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பியதும் நின்றுவிட்டார்.

பச்சை மாடிப்படி இருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். மேலே ஒரு பலகை தொங்கியது: 'போர்டு இல்லாத கடை'.

டாக்டர் அதை மூன்று தரம் படித்தார். டீச்சர் அதற்குள் எண்ண ஆரம்பித்திருந்தார். பதினாறு படி ஏறியதும், ஒரு காரணமும் இல்லாமல், உள்பக்கமாக மூன்று படி இறங்க வேண்டியிருந்தது.

"பத்தொன்பது" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

உள்ளே மூன்றே மேஜைகள். ஜன்னலோர மேஜையில் கையை வைத்ததும் அது ஆடியது. சூப்பு வந்தது. மிளகுக் காரமும் வெண்ணெய் வாசனையுமாக, டாக்டர் இத்தனை நாள் சொன்னதைவிட ஒரு படி மேலாகவே இருந்தது. கிண்ணம் காலியானதும், மேல்துண்டு போட்ட தடித்த முதலாளி வந்து ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ஊற்றிவிட்டுப் போனார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தாங்க தப்பா நினைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

இது எப்படி நடந்தது என்று டாக்டருக்குக் கடுகளவும் விளங்கவில்லை. ஆனாலும் தானாக வந்த பெருமையை வேண்டாம் என்று தள்ள அவர் என்ன சாமியாரா? பன்னிரண்டு வருஷத்தில் டீச்சர் மன்னிப்புக் கேட்பது இதுதான் முதல் தடவை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரவாயில்லை, விடு. நான் வந்த காலத்துல இவ்வளவு கூட்டம் கிடையாது. அந்த மூலையிலதான் உக்காருவேன்." பிறகு முதலாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "என்ன முதலாளி, கடையை இம்மிகூட மாத்தலை போலிருக்கே. அந்தக் காலத்துல இருந்து எல்லாம் அப்படியே வெச்சிருக்கீங்க."

முதலாளி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் காலம் ஏது சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நான் இங்க குடை ரிப்பேர்தான் பண்ணிக்கிட்டிருந்தேன், எந்த ஊர்லயோ ஒரு பல் டாக்டர் சொன்னாருன்னு ஆளாளுக்குக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து சூப்பு எங்க, சூப்பு எங்கன்னு கேட்டு உயிரை எடுத்தாங்க, சரின்னு கடையைப் போட்டா, பதிமூணு படிதான் இருக்கு, இது அந்தக் கடை இல்லைன்னு திரும்பிப் போறாங்க, அதுக்கு அப்புறம்தான் சார் மூணு படி மேல ஏத்தி, மூணு படி உள்ள எறக்கினேன்."