முன்னுரை அண்ணை

உண்மையைச் சொல்லியே ஒரு லிப்ற்றைக் காலி செய்யக்கூடிய மனிதர் ரொறன்ரோவில் ஒருவர்தான். இப்போதிருக்கும் விட்பிக்கு வருமுன் நாங்கள் மல்வேர்னில் வாடகைக்கு இருந்த கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருந்தார். சொந்தப் பெயரால் எவரும் கூப்பிடுவதில்லை. முன்னுரை அண்ணை என்றால் நகரின் மறுகோடியில் பார்க்டேல்வரை தெரியும்.

காரணம், யாரைக் கண்டாலும் பெயருக்கு முன்னால் இதைத்தான் சொல்வார்: "வணக்கம். நான் முந்தி ஜெயிலில இருந்தனான்."

கோயில் அன்னதான வரிசையில் சொன்னார். சாம்பார் ஊற்றியவர் திகைத்துப்போய் அகப்பையை மூன்று தரம் கவிழ்த்தார். பல் டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். முதலில் வெளியே வந்தது அதுதான். என்னிடம் லிப்ற்றில் சொன்னபோது, அடுத்த மாடியிலேயே பிள்ளைகளோடு இறங்கி மிச்சத்தைப் படியால் ஏறினேன்.

பிறகு உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஏன் அண்ணை, ஒருத்தரும் கேக்காமலே சொல்லுறீங்கள்?"

இளவயதில் மொன்றியலில் கள்ளக் கிரெடிட் காட் அடித்துப் பிடிபட்டாராம். உள்ளே பிரெஞ்சு படித்து, சிறை நூலகத்தின் பழைய நாவல்களையெல்லாம் வாசித்து முடித்தாராம்.

"தங்கச்சி, உந்தப் பிரெஞ்சுக் கதையளில ஜெயிலால வந்தவன் நல்லாத்தான் திருந்துறான். ஆனா பழசை ஒளிக்கிறான். ரெண்டாம் பாகத்தில பிடிபடுறான். நான் முதல் பக்கத்திலயே சொல்லிப்போட்டா என்னை ஆர் பிடிக்கிறது?"

"அதுக்காக டென்ரிஸ்டிட்டயுமோ?"

"அதோட, அவன் ஆரையாவது சாவிலயிருந்து காப்பாத்தினாத்தான் சனம் நம்பும். எனக்கு அதெல்லாம் ஏலாது. நாரி நோ, குனிஞ்சா நிமிரமாட்டன்."

மலைத்துப்போனேன். பிள்ளைக்குத் தும்மல் என்றாலே மாமியாரிடம் மறைக்கிறவள் நான். இருந்தாலும் தபால்பெட்டியில் இருந்த பெயரை வைத்து இணையத்தில் அவரைத் துருவித் துருவித் தேடினேன். அவர் சொல்லாத ஒன்றும் அங்கே இல்லை. அதன் பிறகும் அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நெருப்பு அலாரம் அலறியது. லிப்ற் நின்றுவிட்டது. கணவர் வேலையில். படிக்கட்டில் காரப் புகை. என் இடுப்பில் ஐந்து மாத மகள், மூன்று வயது மகன் படியில் குந்தி, "நோ, அம்மா, ஐ'ம் நொட் கோயிங்!" என்று கத்துகிறான். இருவரையும் தூக்க எனக்குக் கை போதவில்லை.

மேலேயிருந்து அண்ணை இருமிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த நேரத்திலும் தொடங்கினார்: "தங்கச்சி, நான் முந்தி..."

"தெரியும் அண்ணை! பிள்ளையைப் பிடியுங்கோ!"

அவருடைய முன்னுரையை யாரும் அப்படி இடையில் வெட்டியதில்லை. நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்தார். "ஒருக்கா யோசிச்சுத் தாரும்."

டயப்பர் வாங்கவே கடையில் அரை மணி நேரம் யோசிக்கிற நான் சொன்னேன்: "யோசிச்சிட்டன்."

மகளை வாங்கினார். கோயில் விளக்கை ஏந்துவதுபோல, படி படியாகத் தடவித் தடவி இறங்கினார். நான் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வெளியே வந்தபின்தான் தெரிந்தது, நெருப்பே இல்லை. ஆறாம் மாடி அன்ரி கறித்தூளுக்கு யன்னலைப் பூட்டிவைத்து மிளகாய் வறுத்திருக்கிறார். தீயணைப்புக்காரர்கள்கூடத் தும்மினார்கள். நான் குனிந்து மகனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, அன்ரி பதறி ஓடி வந்தார்.

"ஐயோ பிள்ளை, உம்மட குழந்தை எங்கை?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ மாமாட்ட இருக்கிறா, அன்ரி."