நகரத்தைவிட மூத்த அடுப்பு

மேற்கே, பனி கொட்டும் தேசமொன்றில், ஆற்றங்கரையோரம் ப்ரன்டோவா என்றொரு தலைநகரம். அங்கே ஒரு விசேஷ வழக்கம். யார் ஆட்சிக்கு வந்தாலும், நகரம் தன்னோடுதான் பிறந்தது என்று அறிவித்துவிடுவார். கோட்டை கட்டிய பழைய ராஜா, மீனவர் குடிசைகளை இடித்துவிட்டு அப்படிச் சொன்னார். பிறகு வந்த சக்கரவர்த்தி கோட்டையை இடித்துவிட்டு அதையே சொன்னார். முடியாட்சி ஒழிந்து தேர்தல் வந்தது. இடிப்பது மட்டும் ஒழியவில்லை.

இப்போதைய அதிபர் பதவியேற்று ஏழு வருஷம். ஆகவே நகரத்துக்கும் வயது ஏழு. அதற்கு முந்தியதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று சட்டம் போட்டார். கற்பாலம் போனது, ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் வேலைக்குப் போனார்கள். கிணறுகளை மூடினார்கள். ரொட்டி அடுப்புகளை ஒவ்வொன்றாக நொறுக்கினார்கள். மிஞ்சியது ரொட்டிக்காரி மார்கெட்டாவின் அடுப்பு ஒன்றுதான். ராஜா காலத்து அடுப்பு. அது போனால் அவள் பிழைப்பும் போச்சு.

கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றார் நகரப் பிறப்புத்துறை அமைச்சர் ஓல்டிரிக். மார்கெட்டா அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

“அம்மணி, நகரம் பிறக்கும் முன்பே இந்த அடுப்பு இருந்ததாகப் புகார்.”

“ஆமாங்கய்யா. நகரத்தைவிட மூத்தது எதுவுமே இருக்கக் கூடாதுங்களா?”

“கூடவே கூடாது. கல்லானாலும் ஆளானாலும் சட்டத்தின் முன் சமம்.”

“அப்ப நம்ம அதிபருக்கு என்ன வயசுங்க?”

அறுபத்திரண்டு என்று சொல்ல வாயெடுத்த அமைச்சர் அப்படியே மூடிக்கொண்டார். கடப்பாரை ஆட்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். உத்தரவானால் மாளிகைக்குப் போகவும் அவர்களுக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

மந்திரிசபை அவசரமாகக் கூடியது. சட்டத்தை வாபஸ் வாங்கினால் கௌரவம் என்னாவது? மறுநாளே தண்டோரா போட்டார்கள்: அதிபரும் நகரமும் ஒரே நாளில் பிறந்தவர்கள், அவருக்கும் வயது ஏழுதான், ஊரே பிறந்தநாள் கொண்டாட வேண்டும்.

பிறந்தநாளென்றால் கேக் வேண்டுமே. ஊரில் இருப்பதோ ஒரே அடுப்பு. அமைச்சரே ஓடிவந்து, அதற்கு வயது ஆறு என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். மார்கெட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடிக்கொண்டே மாவு பிசைந்தாள்.

விழா மேடையில் அதிபர் மெழுகுவத்திகளை ஊதி அணைத்தார். கேக்கை யாருக்கும் தராமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். க்ரீம் குறைவாக இருப்பதற்கு, சட்டப்படி இல்லவே இல்லாத முந்தைய ஆட்சிதான் காரணம் என்று காலை உதைத்தார்.

“இனியும் சந்தேகம் உண்டா, அம்மணி?” என்றார் அமைச்சர்.

“வயசுலதாங்கய்யா. ஏழுங்கிறது கொஞ்சம் கூடுதலாத் தெரியுது” என்றாள் மார்கெட்டா.